'வேண்டாம்' என்று சொல்லக் கூலி

1

சென்ற திங்கட்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு, வரைபலகையில் நான் தாளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது செல்லையா என் மேஜைக்கு அருகில் வந்து நின்றார். பினாங்கில் உள்ள இந்த நில அளவை அலுவலகத்தில் நான் படம் வரைபவன். அவர் வெளியே போய்ச் சங்கிலி பிடித்து அளக்கும் பிரிவில் இருக்கிறார். எண்ணூருக்குப் பக்கத்தில் கத்திவாக்கத்துக்காரர். அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகிறார்.

"அண்ணே, ஊர்ல சின்னதா ஒரு வீடு வாங்கலாம்னு இருக்கேன். தரகரை வச்சுக்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லிடுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. "எழுதித் தரேன்" என்றேன்.

அன்று மாலை எழுத உட்கார்ந்தேன். வருஷத்துக்கு ஒன்றாக நாட்குறிப்பு வைத்திருப்பவன் நான். சென்ற வருஷத்து நோட்டை எடுத்துப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: எங்கள் வீட்டில் பால் காய்ச்சி மறுநாளோடு ஒரு வருஷம் முடிகிறது. செல்லையாவுக்கு எழுத ஆரம்பித்த இரண்டு பக்கம் இப்போது இவ்வளவு நீண்டுவிட்டது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் பயன்படலாம் என்று அனுப்பி வைக்கிறேன். இதில் வரும் பேச்சுகளை அந்தந்த நாளிலேயே எழுதி வைத்திருந்தேன். ஞாபகத்திலிருந்து ஜோடித்தது எதுவும் இல்லை.

2

வீடு எனக்காக அல்ல. என் அக்கா தனம்மாளுக்காக.

நாங்கள் ராயபுரத்தில் பிறந்தவர்கள். நான் இருபத்திரண்டு வயதில் கப்பல் ஏறிவிட்டேன். அக்காவின் கணவர் துறைமுகத்தில் சுமை இறக்கிக்கொண்டிருந்தார். யுத்தத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். குழந்தைகள் இல்லை. அன்றிலிருந்து அக்கா கிடங்குகளுக்குச் சாக்குத் தைத்துப் பிழைத்து வந்தாள். நான் பணம் அனுப்பினால் வாங்கிக்கொள்வாள். இங்கே வந்துவிடு என்று எழுதினால் மட்டும் பதில் வராது.

என் முகவரிப் புத்தகத்தில் அக்கா பெயருக்குக் கீழே ஒன்பது முகவரிகள் அடித்துப் பத்தாவது எழுதியிருந்தது. ஒன்பது முறை யாரோ ஒரு வீட்டுக்காரர் 'காலி பண்ணு' என்று சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் மகனுக்குக் கல்யாணம், ஒரு வீட்டில் கூரை மாற்றம், ஒரு வீட்டில் காரணமே இல்லை. டிராம் வண்டிகள் நின்றுபோனதற்கு அடுத்த வருஷம் தை மாதத்தில், பத்தாவது வீட்டுக்காரரும் சொல்லிவிட்டதாகக் கடிதம் வந்தது. வைகாசி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்.

இனி ஒருவரும் அக்காவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். சேர்ந்திருந்த லீவு முழுவதையும் கேட்டு மனுப் போட்டேன். மனு மூன்று மேஜைகளில் முப்பத்தொரு நாள் தூங்கியது. மாசி மாதம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினேன். திரும்பும் கப்பல் வைகாசிக் கடைசியில். அதற்குள் வீடு அமைய வேண்டும்.

துறைமுகத்திலிருந்து ரிக்‌ஷாவில் போகும்போது, "அந்த லோரோங்ல திரும்புப்பா" என்றேன். ரிக்‌ஷாக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பினாங்கில் சந்துக்கு வழங்கும் சொல் அது. பிறந்த தெருவுக்கு வழி சொல்ல என் வாயில் மலாய் வந்தது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

3

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் தரகர் கோதண்டம் உட்கார்ந்திருப்பார். ஒல்லியான ஆள். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, காதில் பென்சில், கக்கத்தில் குடை. மூன்றாம் நாள் அக்காவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

"சார் பினாங்கா? வாயைத் தொறக்கவே வாணாம். ஷூ சொல்து."

"உங்க கமிஷன் எப்படி?"

"வாங்கறவங்ககிட்ட நூத்துக்கு ரெண்டு. விக்கறவங்ககிட்ட நூத்துக்கு ரெண்டு. ஊரு வழக்கம்."

"ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினா நீங்க யாரோட ஆள்?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "நான் வூட்டோட ஆளு சார்."

அக்கா கேட்டாள்: "வூடு முடிஞ்சா ஒனக்குத் துட்டு. முடியாங்காட்டி?"

"பட்டினிதான் யக்கா. இன்னா பண்றது?"

இந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் வாங்காவிட்டால் பட்டினி கிடக்கும் ஒருவர் எந்த வீட்டைக் காட்டினாலும் 'வாங்கு' என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். தவிர, இருபத்தைந்து வருஷமாக நிலத்துக்குப் படம் போடுகிற எனக்கு, நான்கு சுவரைப் பார்க்க இன்னொருவர் எதற்கு? டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

4

இருபத்து மூன்று நாளில் பதினேழு வீடுகள் பார்த்தேன். நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் பார்க்கும் திசை, அறைகளின் அளவு, கிணற்றின் ஆழம், ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நடை என்று எல்லாம் எழுதினேன். கட்டம் மிக அழகாக இருந்தது. வீடுதான் அமையவில்லை.

நான் தெருமுனையில் திரும்பும்போதே விலை ஏறிவிடும். ஜன்னலில் பெண்கள் பேசிக்கொள்வது என் காதிலேயே விழும்: "பினாங்குக்காரரு வூடு பாக்க வந்துகினுகீறாரு." அதற்குள் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு புது விலையோடு வாசலில் நிற்பார்.

"வூடு பாக்கப் போறியா, மாப்ள ஊர்வலம் போறியா?" என்று அக்கா கேட்டாள். மறுநாள் ஷூவைக் கழற்றினேன், கோட்டைக் கழற்றினேன், வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் மாறவில்லை. "நடையே காட்டிக் குட்துடுது. நீ ரோட்டு ஓரமா ஒழுங்கா நடக்கறே பாரு, அத்த வுடு" என்றாள்.

பதினெட்டாவது வீடு திருவொற்றியூரில், கடற்கரைக்கு மிக அருகில் இருந்த ஒரு தெருவில் கிடைத்தது. கிழக்குப் பார்த்த வாசல். ஒரு கூடம், இரண்டு அறை, சிவப்புத் தரை. காற்று அப்படியே உள்ளே வந்து கொல்லை வழியாகப் போனது. யுத்த காலத்தில் கட்டியதாம். வீட்டுக்காரர் மரியாதையானவர், பத்திரங்களைக் கட்டாக எடுத்துக் கொடுத்தார். நானே பதிவு அலுவலகத்துக்குப் போய் வில்லங்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாடாவைப் பிடித்து அளந்தேன். பத்திரத்தில் இருந்தபடியே இருந்தது.

அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், அடுப்பை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

5

புதன்கிழமை காலை பல் துலக்கும்போது ஒன்று தோன்றியது. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான் எவ்வளவு திருத்தமாகப் படம் வரைந்தாலும் அது நேராக மேலே போகாது. இன்னொருவர் உட்கார்ந்து அதில் தப்புத் தேடுவார். தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரே சம்பளம். அதனால் அவர் சிவப்பு மையில் சுழிப்பதை நாங்கள் நம்புகிறோம். நான் அக்காவுக்குப் பார்த்த இந்த வீட்டில் யார் தப்புத் தேடினார்கள்?

நேராக டீக்கடைக்குப் போனேன்.

"கோதண்டம், உங்களுக்குத் தினக்கூலி தரேன். நான் வீடு வாங்கினாலும் அதே கூலி, வாங்காவிட்டாலும் அதே கூலி. கமிஷன் கிடையாது. விக்கிறவங்ககிட்டயும் வாங்கக்கூடாது."

"இன்னா வேலை சார்?"

"வேண்டாம்னு சொல்ற வேலை. நான் காட்டுற வீட்டை ஏன் வாங்கக்கூடாதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். பிறகு டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்.

"மாமு, கேட்டுகினியா? முப்பது வருசமா வாங்கு வாங்குன்னு கத்தி என் தொண்டையே பூட்ச்சு. வாணாம்னு சொல்றதுக்குத் துட்டு குடுக்கற மகராசன் இன்னிக்குத்தான் வந்துகீறாரு!"

"கெட்டியாப் புட்ச்சுக்கோ, கோதண்டம்" என்றார் டீக்கடைக்காரர். "ஆளு தெளியறதுக்குள்ள கூலிய வாங்கிடு."

மத்தியானம் மூன்று பேருமாகத் திருவொற்றியூர் போனோம். கோதண்டம் அறைகளைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. கூடத்துக் கதவை இழுத்து, கதவுக்குப் பின்னால் வெள்ளையடிக்காமல் விட்டிருந்த மூலையைக் கண்டுபிடித்தார். சாவியால் காறையைச் சுரண்டினார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா, வூட்டைப் பாக்க வந்தியா, தின்ன வந்தியா?"

"சார், கையை நீட்டு" என்றார் கோதண்டம், அவரைக் கவனிக்காமல். என் விரலிலும் கொஞ்சம் வைத்தார். நானும் நாக்கில் வைத்தேன். உப்பு.

"கடல் மண்ணு சார். யுத்தத்துல ஆத்து மண்ணு வண்டி வராது. பக்கத்துல சும்மா கெடக்குதேன்னு வாரிப் போட்டுக் கட்டிட்டாங்கோ. இப்ப பங்குனி. வெயில்ல ஜோரா கீது. ஐப்பசில வந்து பாரு, செவுரு அழுவும். ரெண்டு மழைக்குக் காறை மொத்தமும் தரைக்கு வந்துடும். நானே இந்த மாதிரி நாலு வூடு வித்துக் குட்த்துகீறேன். ஊறுகாப் பானைல குடி வெச்சிட்டியேன்னு அந்தப் பொம்பளைங்க இன்னும் என்னத் திட்டிகினுதான்கீறாங்க."

ஒருவர் தன் தொழிலின் உள்ரகசியத்தை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா மட்டும் சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அன்று பஸ்ஸில் அடுப்பைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

6

இதை எழுதும்போது இங்கே மழை. பினாங்கில் மழைக்கு மாதக் கணக்கு கிடையாது. நாலு மணி ஆனால் வரும், ஐந்துக்குப் போகும். என் மகன் குமரன் நனைந்த சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதினேழு வயது. பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் மலாய், வீட்டில் எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பான். எழுதினால் நான் சிவப்பு மையால் சுழிப்பேன். அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டான். அது என் தப்புத்தான்.

நேற்று வரை எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

"அப்பா, நீங்க ஏன் 'எங்கள் வீடு'ன்னு எழுதியிருக்கீங்க? அது அத்தை வீடுதானே?"

அத்தையை அவன் பார்த்ததே இல்லை. வீடு தேடிக்கொண்டிருந்தபோது நான் போட்ட கடிதத்துக்கு அவன் அம்மா பதில் எழுதினாள். அடியில் இங்கிலீஷில் அவனுடைய ஒரு வரி இருந்தது. "அங்கே வீடு வாங்கி நாம் என்ன செய்வோம்?" கோபமோ வெறுப்போ இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டிருந்தான். அந்த வரி சட்டைப் பையில் இருக்கும்போதுதான் அடுத்து நடந்தது நடந்தது.

7

கடற்கரை வீட்டுக்குப் பிறகு ஏழு வீடுகள் பார்த்தோம். ஆறுக்குக் கோதண்டம் 'வாணாம்' சொன்னார். ஒவ்வொரு 'வாணா'மும் ஒவ்வொரு தினுசு. ஒரு வீட்டில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புது வெள்ளை. மழைத்தண்ணீர் நின்ற தடத்தை மறைத்திருக்கிறார்கள் என்றார். இன்னொன்றில் கட்டடம் மட்டுமே விற்பனைக்கு, அடிமனை வேறொருவருடையது. அதற்குத் தனியே வாடகை கட்ட வேண்டும். அந்த விஷயத்தை இரண்டு நாள் ஏழு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தார். கமிஷன் ஆளாக இருந்தால் இரண்டு நாள் வாய் மூடி இருந்திருப்பார்.

ஏழாவது வீடு காலடிப்பேட்டையில். இரண்டே அறை, தாழ்ந்த ஓடு, பக்கத்தில் தறிச் சத்தம். அழகில்லை. கோதண்டம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார். நான்கு மூலையிலும் சுவரை நக்கினார். அக்கா முந்தானையில் முடிந்து வந்திருந்த துவரம்பருப்பை, அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே வேகவைத்தாள். நல்ல தண்ணீர் என்றால்தானே பருப்பு வேகும்? குழைய வெந்தது. பதினோரு மணிக்குக் கோதண்டம் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆம்புடலை சார். கூலி வாங்க வெக்கமா கீது."

நான் நாடாவை எடுத்தேன். பத்திரத்தில் நீளம் அறுபது அடி. தரையில் ஐம்பத்தேழே கால். வீட்டுக்காரர் ஒரு நெசவாளி; அவர் தகப்பனார் காலத்திலேயே பின் சுவர் அங்கேதான் இருந்ததாம், அளந்து பார்த்ததே இல்லை என்றார். இருப்பதை மட்டும் எழுதுவோம், அதற்குத் தக்கபடி விலையையும் குறைப்போம் என்று பேசி முடித்தோம்.

"சார், நீயும் வாணாம்னு சொல்ற ஆளுதான்" என்றார் கோதண்டம். இத்தனை வருஷத்தில் என் அலுவலகத்தில் யாரும் எனக்குத் தராத பட்டம்.

பத்திரம் எழுதுகிறவரிடம் போகும் வழியில் கேட்டார்: "யார் பேர்ல எழுதறது?"

"என் பேர்லதான்."

"வாணாம்."

நான் நின்றுவிட்டேன். அக்கா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் கூலி வாங்கிகினுதான கீறேன் சார்? சொல்லித்தான் ஆவணும். ஒன் பேர்ல வாங்கினா, அக்காவுக்கு இது பதினோராவது வாடகை வூடு. வூட்டுக்காரன் பினாங்குல கீறான், அதான் வித்தியாசம். நீ காலி பண்ணச் சொல்ல மாட்டே. ஒனக்கு அப்பறம் ஒன் புள்ளை. அவனுக்கு அத்தை மூஞ்சி தெரியுமா? வூடு வித்துடலாம்னு ஒரு காயிதம் போடுவான். அந்தக் காயிதத்தை எடுத்துகினு என்ன மாதிரி ஒரு தரகன்தான் வந்து இந்த அம்மாகிட்ட நிப்பான். நானே போய் நின்னுகீறேன் சார், ரெண்டு தபா."

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை நான் அவரிடம் காட்டியதில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். என் பெயர் ஒரு பத்திரத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர்களின் நிலத்துக்குப் படம் வரைந்து, அதில் அவர்கள் பெயரை என் கையால் எழுதியவன் நான். வீடு அக்காவுக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே, பத்திரத்தை எனக்காக வைத்திருந்தேன். அது எனக்கே அந்த நடுத்தெருவில்தான் தெரிந்தது.

பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "வாங்கறவர் பெயர்?" என்றார்.

"தனம்மாள்" என்றேன்.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "இன்னாடா இது? என் தலைல கட்றியா? வரி எவன் கட்றது?"

"நீதான் கட்டணும்."

"நல்லாகீதே கதை!" என்றாள். ஆனால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

8

பதிவு அலுவலகம் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. முதல் நாள், அக்காவின் வயது எழுதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள், வயது இருந்தது, அதிகாரி இல்லை. மூன்றாம் நாள் குமாஸ்தா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "வாங்கறவர் யாரு, கோட்டு போட்டவரா?" என்றார்.

"இல்லை, இவங்க."

அவர் அக்காவின் கைகளைப் பார்த்தார். கோணி ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளி, "கட்டை விரல் வை, தாயி" என்றார்.

"பேனாவக் குடு சாமி. எனக்குக் கையெழுத்து வரும்" என்றாள் அக்கா.

ஐந்து எழுத்தை இரண்டு நிமிஷம் எழுதினாள். அதிகாரி கூடக் காத்திருந்தார்.

9

ஆகவே செல்லையா, உங்கள் கேள்விக்குப் பதில்: தரகரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடு முடிந்தால்தான் அவருக்குச் சாப்பாடு என்று வைக்காதீர்கள். வீடு முடியாவிட்டாலும் அவர் சாப்பிடட்டும். அப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியவரும். கூலி வீணாகிறதே என்று தோன்றும் நாளில், கதவுக்குப் பின்னால் சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். அவர் சொல்கிற கடைசி 'வேண்டாம்' உங்களைப் பற்றியதாக இருந்தால், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கொஞ்சம் வலித்தது, இப்போது இல்லை.

வைகாசியில் பால் காய்ச்சினோம். கோதண்டம் அன்றும் குடையோடு வந்திருந்தார். மூன்றாம் நாள் எனக்குக் கப்பல். காலை ஏழு மணிக்கு நான் உள்ளே பெட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் சாக்கடையைத் தள்ளி, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கள் வாசற்படிக்கு வந்திருக்கிறது.

"இன்னாம்மா இது? ஒன் வூட்டுக் கலீஜு என் வூட்டு வாசல்லதான் வந்து நிக்கணுமா?"

அக்காவின் குரலா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பத்து வாடகை வீடுகளில் அவள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. குழாயடியில் குடத்தை நகர்த்தினாலும், கொடியில் காய்ந்த துணியை மண்ணில் தள்ளினாலும், சரி என்று போய்விடுவாள். எதிரே நிற்பவள் வீட்டுக்காரருக்கு வேண்டியவளாக இருந்தால்? ஒரு சண்டை போட்டால் ஒரு வீடு போய்விடுமே.

"நேத்து வந்தவ! அதுக்குள்ள இன்னா வாயி பாரு இவளுக்கு!" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமா, நேத்துத்தான் வந்தேன். ஆனா போவ மாட்டேன், தெரிஞ்சுக்கோ! நீ எத்தினி வருசம் தண்ணி தள்ளினாலும் நான் இங்கியேதான் நின்னுகினு கேப்பேன்!"

தறிகள் நின்றுவிட்டன. தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. நான் வெளியே போய்ச் சமாதானம் சொல்லவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். சண்டை இருபத்து மூன்று நிமிஷம் நடந்தது. அக்காதான் ஜெயித்தாள்.